கல் யாருக்கு?

இறந்தவனுக்குச் செவி இல்லை, கண் இல்லை, பசி இல்லை, புகழ்ந்தால் பூரிப்பதற்கு நெஞ்சமும் இல்லை. இதனை ஏற்றுக்கொண்டவர்கள் நாம். புரோகிதன் கையில் கொடுத்த அரிசியும் வாழைக்காயும் தென்புலத்தாரைச் சென்று சேரும் என்பதை நம்ப மறுப்பவர்கள் நாம். அப்படியானால் இறந்தவனுக்குக் கல் நாட்டுவது எதற்கு? அரிசி போய்ச் சேராத இடத்துக்குப் புகழ் மட்டும் போய்ச் சேர்ந்திடுமோ? பகுத்தறிவு பேசும் இளைஞன் ஒருவன் எழுந்து இப்படிக் கேட்பானாகில், அவனை அதட்டி உட்கார வைக்க நாம் விரும்பவில்லை. கேள்வி நேரானது. விடையும் நேராக இருந்திட வேண்டும்.

விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்லவும் வேண்டாம். சுந்தரபாண்டியத்தில், தறிச் சத்தம் கேட்கும் தெருவில் நின்று மேற்கே நோக்கினால், மலைத்தொடர் நீல மதிலென எழுந்து நிற்கிறது. அந்த மதிலுக்கு அப்பால் வருசநாடு. அங்கே தோன்றி ஓடிவருவது வையை. வையைக் கரையில், தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி வட்டத்தில், புலிமான்கோம்பை என்றோர் ஊர் உண்டு. 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அந்த ஊரில் எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றைக் கண்டெடுத்தனர். பொறித்திருப்பது தமிழி எனும் பழந்தமிழ் எழுத்து. கிறித்து பிறப்பதற்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பது அறிஞர் கருத்து. எழுத்துடைய நடுகற்களுள் இவற்றினும் பழையனவற்றைக் காண்பது அரிது.

அவற்றுள் ஒரு கல்லில் இருப்பவை ஒரு கைவிரல் எண்ணிக்கையைச் சற்றே தாண்டும் சொற்கள். கல் என்று தொடங்குகிறது. அந்தவன் என்று ஒருவன் பெயரைச் சொல்கிறது. கூடல் என்று ஓர் ஊரைச் சொல்கிறது. ஆகோள் என்று ஒரு செயலைச் சொல்லி முடிகிறது. ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல், மாட்டு மந்தையை ஓட்டிச் செல்லுதல். அந்தப் பூசலில் அந்தவன் மாண்டான் என்பது செய்தி. உருவம் செதுக்கப்படவில்லை. தேவருலகம் காட்டப்படவில்லை. இன்னான், இன்ன இடத்தில், இன்னதற்காக மாண்டான் என்பதோடு உளி நின்றுவிட்டது.

இந்தச் சிக்கனத்தின் சிறப்பை உணர, வேறொரு நாட்டுக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆங்கில நாட்டுச் சிற்றூர்களில் மாதாகோயிலைச் சுற்றிப் புல்வெளி. புல்வெளியில் வரிசை வரிசையாகச் செதுக்கிய கல்லறைக் கற்கள். பார்க்க அழகியவை, பாசி படர்ந்தவை. பெரும்பாலும் 17-ஆம், 18-ஆம் நூற்றாண்டுகளில் பெருகியவை. மண்டையோடு, மணற்கடிகை, சிறகு முளைத்த குழந்தை முகம் ஆகியவை அவற்றின் உச்சியில் இருக்கும். கீழே பெயர், பிறந்த நாள், இறந்த நாள். சில கற்களில் கொல்லனின் சுத்தியலும் துருத்தியும், தச்சனின் கருவிகளும் செதுக்கப்பட்டிருக்கும். அவற்றை நாம் மிகவும் விரும்புகிறோம். உழைத்த கைக்கு உளி செய்த மரியாதை அது!

ஆனால், அந்த வழக்கம் பரவுமுன் ஆங்கில நாட்டு எளியவனுக்குக் கல் ஏது? பிரபு மாதாகோயிலின் உள்ளே, பலிபீடத்தின் பக்கத்தில், பளிங்கின் கீழே படுத்தான். உழவன் வெளியே, பெயரற்ற குழியில் படுத்தான். அவன்மேல் பின்னொருவன் படுத்தான். புல் மட்டும் முளைத்தது. தாமஸ் கிரே என்ற கவிஞர் 1751-இல் வெளியிட்ட இரங்கற்பா உலகப் புகழ் பெற்றதற்கு ஒரு காரணம், பேர் அறியப்படாமலே மண்ணுக்குள் போன அந்த எளியவர்களை எண்ணி அது ஏங்கியதுதான். செத்த பின்னும் படுக்கும் இடத்தில் ஏற்றத்தாழ்வு! ஊருக்கு ஒரு சுடுகாடு, சேரிக்கு ஒரு சுடுகாடு என்று வைத்திருக்கும் நாம் இதைக் கேட்டு மூக்கில் விரல் வைக்கத் தேவையில்லை.

ஆங்கிலக் கல், இங்கே படுத்திருப்பவன் யார் என்று சொல்கிறது. நம் நடுகல்லோ பெரும்பாலும் பிணத்தின் மேலே நிற்பதும் இல்லை. அவன் வீழ்ந்தது ஓர் இடம், எரித்ததோ புதைத்ததோ ஓர் இடம், கல் நிற்பது ஊரார் கண்ணில் படும் ஓர் இடம். அது சொல்வது ஏன் வீழ்ந்தான் என்பதை. முதற் கேள்விக்கான விடை இங்கே தொடங்குகிறது. கல் செத்தவனுக்கு அன்று; அவன் செத்ததால் பிழைத்திருப்பவர்களுக்கு. நீ குடிக்கும் பாலுக்கு ஒருவன் உயிர் விலையாகப் போயிற்று என்று ஊர் தன் பிள்ளைகளுக்கு எழுதிவைத்த கணக்கு அது. கடன்பட்டவர் உயிரோடு இருக்கிறார். கடன் கொடுத்தவன்தான் இல்லை. கடன் கொடுத்தவன் இல்லாமற் போனதாலேயே கடன் தீர்ந்துவிடும் என்று எந்த வணிகனும் சொல்லமாட்டான்.

கணக்கு என்றால் அதில் பொய் எழுதவும் முடியும் அல்லவா? எழுதினார்கள். அதுதான் நாம் வருந்தும் கதை.

தொல்காப்பியம் கல் நாட்டும் முறையை ஆறு படிகளாகச் சொல்கிறது. கல்லைத் தேர்ந்து காணுதல், கொண்டுவரத் தொடங்குதல், நீராட்டுதல், நடுதல், படையலிடுதல், வாழ்த்துதல். நீராட்டும் படையலும் அப்போதே இருந்தன என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. சங்கப் பாடல்கள் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டியதையும் கள் படைத்ததையும் கூறுகின்றன. பழந்தமிழர் எல்லாரும் பகுத்தறிவாளர் என்று பேசுவது, நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் காகிதமாலை. எனினும், அந்நாளில் அந்தப் படையலுக்குப் பின்னே ஒரு மனிதன் நின்றான், அவன் பெயர் தெரிந்தது, செயல் தெரிந்தது.

அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் கல்லில் உருவம் ஏறியது. இப்போதைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்தன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972-இல் அவற்றைத் தொகுத்து நூலாகவே வெளியிட்டது. ஒரு கையில் வில், மறு கையில் வாள், உடம்பில் தைத்த அம்புகள் என நிற்கிறான் வீரன். அம்பு முதுகில் தைத்திருக்காது; ஊர் அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டது. அதன் பிறகு, குறிப்பாகக் கன்னட நாட்டுக் கற்களில், அடுக்குகள் வந்தன. கீழ் அடுக்கில் சண்டை. நடு அடுக்கில் தேவமங்கையர் வீரனைத் தூக்கிச் செல்கின்றனர். மேல் அடுக்கில் அவன் இலிங்கத்தின் முன்னே கைகூப்பி அமர்ந்திருக்கிறான். சண்டை அடித்தட்டுக்கு இறங்கிவிட்டது, சொர்க்கம் உச்சிக்கு ஏறிவிட்டது! மாட்டுக்காகச் செத்தவனை மோட்சத்துக்காகச் செத்தவனாக மாற்ற ஒரு கல்லில் மூன்று அடுக்கு போதுமானதாயிற்று.

கடைசிப் படி நம் கண்மாய்க் கரைகளில் இருக்கிறது. எண்ணெய் பூசிப் பூசிக் கன்னங்கரேல் என்று ஆன கல். மஞ்சளும் குங்குமமும் அப்பிய கல். எழுத்து இருந்த இடம் வழுவழுப்பாகிப் போன கல். இது யார் என்று எம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டோம். "சாமி" என்றனர். என்ன செய்தார் என்றோம். "கேட்டதைக் கொடுக்கும்" என்றனர். செய்தவனாக நின்றவன் கொடுப்பவனாக ஆகிவிட்டான். இறந்தவனுக்கு நாம் பட்ட கடன் தலைகீழாகி, அவனிடமே கடன் கேட்கும் கூட்டமாகி நிற்கிறோம். அவனைப் பகைவன் ஒருமுறை கொன்றான். பக்தன் தினமும் எண்ணெய் தடவி அவன் பெயரைக் கொல்கிறான்.

அகநானூற்றுப் பாடல் ஒன்றில் பாலைவழியில் நிற்கும் நடுகல்லில் மறவர்கள் தம் படைக்கலங்களைத் தீட்டுகிறார்கள். தீட்டியதில் எழுத்துத் தேய்கிறது. வழிப்போக்கர் படித்துப் பார்த்துப் பொருள் கூடாமல் நடையைக் கட்டுகின்றனர். கல்லில் கத்தி தீட்டுவது அன்றே நடந்திருக்கிறது. இன்று தீட்டுவது சாதிக் கத்தி. எங்கேனும் ஒரு நடுகல் கிடைத்த செய்தி ஏட்டில் வந்தால் போதும், இவன் எங்கள் குலத்தான் என்று ஒரு கூட்டம், இல்லை எங்கள் குலத்தான் என்று மற்றொரு கூட்டம்! அவன் யாருடைய மாட்டை மீட்கச் செத்தானோ அந்த ஊரார் எல்லார்க்கும் உரியவன். கல்லில் இல்லாத சாதியைக் கல்லின்மேல் எழுதுவோர், அந்தக் கல்லில் எழுதியிருப்பதைப் படித்தவர்களா என்று கேட்டுப் பார்த்திடலாம்.

இனி ஒரு கடினமான இடத்துக்கு வருகிறோம். அந்தவனிடமே திரும்பிச் செல்வோம். ஆகோள் என்று கல் சொல்கிறது. கவர வந்த கூட்டத்தில் அவன் இருந்தானா, கவர்ந்து சென்றவர்களைத் தடுத்தானா? நம் இலக்கணம் கவர்வதை வெட்சி என்றது, மீட்பதைக் கரந்தை என்றது, இரண்டுக்கும் பூச்சூட்டியது. ஓர் ஊரின் வீரன் அடுத்த ஊரின் கள்வன். அடுத்த ஊரில் மாடிழந்த குடும்பத்துக் கிழவி ஒருத்தி அந்தவன் கல்லின் முன்னே நின்றிருந்தால் கும்பிட்டிருப்பாளா, காறி உமிழ்ந்திருப்பாளா? தன் ஊருக்காகச் செத்தான் என்பது மட்டும் ஒருவனை நல்லவனாக்கிடுமா?

ஆக்காது என்பதே நம் எண்ணம். உயிரைக் கொடுத்தான் என்பதால் அவன் எடுத்துக்கொண்ட பக்கம் அறமாகிவிடாது. துணிவு வேறு, நேர்மை வேறு. படைத்தலைவர்கள் இந்த இரண்டையும் ஒன்றெனக் காட்டித்தான் உலகெங்கும் இளைஞர்களைக் களத்துக்கு ஓட்டியிருக்கின்றனர். ஆனாலும் அந்தவன் கல்லை நாம் மதிக்கிறோம். ஏனெனில் அது நம்மை ஏமாற்றவில்லை. மாட்டைப் பற்றிய சண்டை என்று உள்ளதைச் சொல்கிறது. தருமம் காக்க வந்தான் என்று புளுகவில்லை. தீர்ப்பை நம்மிடம் விட்டுவிடுகிறது. நியாயம் தீர்க்க வேண்டுமானால் முதலில் நடந்தது தெரிய வேண்டும்.

நடந்ததை மறைக்கும் கல்லும் உண்டு. தென்மாவட்டங்களில் தீப்பாய்ந்த அம்மன் என்றும் மாலையம்மன் என்றும் வணங்கப்படும் கற்களைப் பார்த்திருப்பீர்கள். கணவனின் பக்கத்தில், வளையணிந்த கையுடன், மலர்ந்த முகத்தோடு அமர்ந்திருக்கிறாள் பெண். சிற்பி முகத்தை மலர்த்திவிட்டான். அவளைப் பிடித்துத் தள்ளிய கைகள் இருந்திருப்பின், அந்தக் கைகளைச் செதுக்கவில்லை. பறை அடித்ததும் மூங்கில் கழி கொண்டு நின்றதும் அந்தக் கல்லில் இல்லை. விதவையாக வாழ்ந்தால் தலையை மழித்து மூலையில் தள்ளுவோம் என்று சொன்ன சமுதாயம், தீயில் விழுந்தவளுக்கு மட்டும் தெய்வப் பட்டம் கொடுத்தது. வாழ இடம் தராதவர்கள் நிற்க இடம் தந்தனர்!

சென்னை மாகாணத்தில் உடன்கட்டையைச் சட்டம் தடுத்தது 1830-இல். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1987-இல், இராசத்தான் மாநிலம் தேவராலா ஊரில் ரூப் கன்வர் என்ற இளம்பெண் கணவன் சிதையில் எரிந்தாள். ஆயிரக்கணக்கானோர் திரண்டு அவளை அன்னையென்று கொண்டாடினர். அந்த ஆண்டே வந்த நடுவண் சட்டம், எரிப்பதைத் தடுத்ததோடு நில்லாமல், எரிந்ததைப் புகழ்வதையும் கோயில் எழுப்புவதையும் குற்றமாக்கியது. கல் நாட்டுவதும் குற்றமாகக்கூடும் என்பதை நாட்டின் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது. பொய்க் கணக்கு எழுதும் கல், அடுத்த பெண்ணுக்குக் கொள்ளி எடுத்து வைக்கும் கல்.

எடுத்தனூரில் ஒரு கல் உண்டு, திருவண்ணாமலை மாவட்டம், மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, 7-ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பான் எருமைகளின் பொருட்டுப் போரிட்டு வீழ்ந்தான். கல்வெட்டு அவனோடு முடியவில்லை. கோவிவன் எனும் நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று அதன் பெயரோடு சொல்கிறது. வீரன் பக்கத்தில் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டைக் கோழிக்கே தனியே ஒரு கல்! சிரிக்கத் தோன்றும், நாமும் முதலில் சிரித்தோம். பிறகு அந்த ஊராரின் நேர்மையை எண்ணி வியந்தோம். நாய் செய்தது என்றால் நாய் செய்தது என்று எழுதிடும் மனம் எளிதில் வாய்க்காது. நாயின் உழைப்பை ஆண்டையின் பெயரில் எழுதிவைப்பதுதான் உலக வழக்கம்.

நாய்க்கும் கோழிக்கும் பெயரோடு கல் கிடைத்த நாட்டில் யாருக்குக் கல் கிடைக்கவில்லை?

முதல் உலகப் போரின்போது, 1917-இல், பிரிட்டிஷ் பேரரசு போர்க் கல்லறைகளுக்கென ஓர் ஆணையம் அமைத்தது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல், பதவி வேறுபாடும் இன வேறுபாடும் இல்லை என்பது அதன் கொள்கை. கேட்கும்போதே நெஞ்சு நிறையும் கொள்கை. 2021-இல் அந்த ஆணையத்தின் வழித்தோன்றலே அமைத்த குழு உண்மையை வெளியிட்டது. கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியருமாகக் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, சிலர் எவ்விதத்திலுமே நினைவுகூரப்படவில்லை. சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டவர்களில் இந்தியரும் இருந்தனர். ஐரோப்பியனுக்கு ஒவ்வொரு கல். மற்றவனுக்கு மொத்தமாக ஓர் எண்ணிக்கை. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. கேட்க வைத்தது, பழைய கோப்புகளைப் புரட்டிப் பெயர்களை எண்ணிய உழைப்பு.

நம் மண்ணுக்கு வருவோம். கீழ்வெண்மணியில் 1968 திசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட உழவர் குடும்பத்தார் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். நீதிமன்றம் மிராசுதாரர்களை விடுவித்தது. அங்கே நிற்கும் நினைவுக் கல்லில் அந்த 44 பேரும் பெயரோடு நிற்கின்றனர். தீர்ப்பு எழுதாததைக் கல் எழுதியிருக்கிறது. அந்தவன் கல்லுக்கு வழித்தோன்றல் எது என்று நம்மைக் கேட்டால், பால்குடம் ஏந்தப்படும் கண்மாய்க்கரைச் சாமியைக் காட்டமாட்டோம், வெண்மணியைக் காட்டுவோம்.

சுந்தரபாண்டியத்தின் மேற்கே மலை என்றோம். கிழக்கே சிவகாசியும் சாத்தூரும். நாடு தீபாவளி கொண்டாட மருந்து இடிப்பதும் திரி முறுக்குவதும் அந்தப் பக்கத்து மக்கள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களில் தொழிலாளர் மட்டும் இல்லை. புகையைக் கண்டு ஓடிவந்த பக்கத்து ஊர் மக்களும் அடுத்த வெடிப்பில் சிக்கினர். எண்ணிப் பாருங்கள் தோழர்களே! ஊரில் ஒரு கூக்குரல் கேட்கிறது, ஒருவன் தன் வேலையைப் போட்டுவிட்டு அத்திசை நோக்கி ஓடுகிறான், திரும்பி வரவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இப்படி ஓடியவனுக்குத்தான் கல் நட்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மீண்டும் வெடி. 20-க்கும் மேற்பட்டோர் பலி. ஏடுகள் மறுநாள் எண்ணிக்கையை அச்சிட்டன. அரசுகள் இழப்பீட்டை அறிவித்தன. விசாரணைக் குழுக்கள் அமைந்தன. எண்ணிக்கை நினைவிருக்கிறவர்களுக்கும் ஒரு பெயராவது நினைவிருக்கிறதா?

இங்கே நம் இளைஞன் மறுபடி எழுந்து நிற்பான். "கல்லுக்குக் கொட்டும் பணத்தை இறந்தவர் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுங்களேன்!" என்பான். நல்ல சொல். பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும் என்பதில் ஆசிரியர்களாகிய நமக்கு இரண்டாம் கருத்து இருக்க முடியுமா? ஆனால், படிப்புக்கு எதிரியாக நிற்பது கல் அன்று. தலைவர்க்குச் சிலை வைக்கப் பணம் கண்ட ஊர், கோயிலுக்குக் கோபுர வர்ணம் பூசப் பணம் கண்ட ஊர், தொழிலாளிக்கு ஒரு முழக் கல் என்றவுடன் கணக்குப் பார்க்கத் தொடங்குவதுதான் நமக்கு ஐயத்தை உண்டாக்குகிறது. தவிரவும், உதவித்தொகை வாங்கும் பிள்ளைக்குத் தன் தாய் எப்படி மாண்டாள் என்பது மழுப்பலின்றித் தெரிந்திட வேண்டாமா? விதி என்று ஒருவர் சொல்வார். கிரகம் என்று இன்னொருவர் சொல்வார். குலதெய்வத்துக்குப் படையல் தவறிற்று என்று பூசாரி சொல்வான். அளவுக்கு மேல் ஆட்களை அடைத்ததும், அளவுக்கு மேல் மருந்தைக் குவித்ததும், ஓடுவதற்கு வழி இல்லாததும் ஆகிய காரணங்களைச் சொல்வதற்கு ஒரு சாட்சி வேண்டும். கல் பேச்சு மாறாத சாட்சி. எவனும் விலைக்கு வாங்கிப் பல்டி அடிக்க வைக்க முடியாத சாட்சி. எண்ணெய் பூசாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படி ஒரு கல்லுக்கு என்ன எழுதுவீர்கள் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டோம். அவர்களில் நெசவாளர் பிள்ளைகளும் உண்டு. பட்டாசு வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளும் உண்டு. முதலில் ஆளுக்கொரு அடுக்குமொழி எழுதிவந்தனர்; வீரத் தாய், தியாகச் சுடர், தெய்வத் திருமகள் என்று. மேடைப் பேச்சு கேட்டு வளர்ந்த பிள்ளைகள். அந்தப் பழக்கம் அவர்களுக்கு யாரிடமிருந்து வந்தது என்பதையும் நாம் அறிவோம். பிறகு அந்தவன் கல்லின் எழுத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். மறுநாள் வந்த தாள்களில் அடுக்குமொழி குறைந்திருந்தது. ஒரு மாணவி பெயர், அகவை, ஊர், செய்த வேலை, அன்றைய கூலி, அறையில் இருந்தவர்கள் எத்தனை பேர், இருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று வரி வரியாக இடம் விட்டு எழுதியிருந்தாள். கடைசி வரியில் 'காரணம்' என்று எழுதி, அதன் எதிரே மட்டும் இரண்டு வரிக்கான இடம் விட்டிருந்தாள்.